கேம்பர்வேனில் கசிவா, துருவா? விற்றவரை விடாதீர்கள்

பிரிட்டனில் கேம்பர்வேன் (படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வேன்) வாங்கியவரைப் பந்தாடுவது மிக எளிது. வண்டியைச் செய்தது ஃபியட், ஃபோர்டு, ஃபோக்ஸ்வாகன் போன்ற ஒரு நிறுவனம். அதன் கூரையை வெட்டி, ஜன்னல் பொருத்தி, கட்டிலும் அடுப்பும் வைத்தது பெரும்பாலும் இன்னொரு நிறுவனம். விற்றது ஒரு டீலர். ஜன்னல் ஓரத்தில் துருப்பிடித்தால், "தகட்டை வெட்டியது அவர்கள்" என்பார் முதலாமவர். "தகடே அவர்களுடையதுதானே" என்பார் இரண்டாமவர். இருவருக்கும் எழுதியிருப்பதாகச் சொல்லியே டீலர் மாதங்களைக் கடத்துவார். அதற்குள் வாரண்டிக் காலம் முடிந்துவிடும்.

இந்த ஓட்டத்தில் நீங்கள் சேர வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, தரமற்ற பொருளுக்குப் பொறுப்பு விற்றவர். உற்பத்தியாளரின் வாரண்டி அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் வாக்குறுதி மட்டுமே. "வாரண்டி நிராகரிக்கப்பட்டது, எங்களால் எதுவும் செய்ய முடியாது" என்று டீலர் சொன்னால் அது பாதி உண்மைகூட இல்லை. ஹயர் பர்ச்சேஸில், அதாவது தவணை முடியும்வரை வண்டி நிதி நிறுவனத்துக்கே சொந்தமாக இருக்கும் முறையில், வாங்கியிருந்தால் சட்டப்படி பொறுப்பு நிதி நிறுவனத்துடையது. அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீராவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் நிதி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

நாள் கணக்கு முக்கியம். வாங்கிய முதல் 30 நாளுக்குள் கோளாறு தெரிந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பிறகு, பழுது நீக்க அவர்களுக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும். அதுவும் தோற்றால் விலைக்குறைப்போ, வண்டியைத் திருப்பிக் கொடுத்து, ஓட்டியதற்கான கழிவு போகப் பணமோ கேட்கலாம். பழுது நீக்கம் முதலான இந்தக் கோரிக்கைகளில், ஆறு மாதம் வரை, கோளாறு வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதன் பிறகு நிரூபிக்கும் சுமை உங்களுடையது. சுயேச்சையான ஒரு பரிசோதகரின் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரண்டி வழியாகவே போவதானால் பொடி எழுத்தைப் படியுங்கள். ஆளை விழவைக்கும் பள்ளங்கள் அங்கேதான் இருக்கின்றன. நீர்க்கசிவு வாரண்டி பல ஆண்டுகள் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஆண்டுதோறும், குறித்த நாட்களுக்குள், ஒப்புதல் பெற்ற பட்டறையில் ஈரப்பதச் சோதனை செய்து முத்திரை வாங்க வேண்டும் என்பது உள்ளே ஒளிந்திருக்கும். ஒன்று தவறினால் போதும், கையை விரித்துவிடுவார்கள். பட்டறையில் இடமில்லை என்றால் அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி, தாமதத்துக்கு உற்பத்தியாளரின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள். துரு வாரண்டி பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே தகட்டைத் துளைத்து வரும் துருவுக்கு மட்டும். மேற்பரப்புத் துரு பெயிண்ட் வாரண்டியில் சேரும், அதன் காலம் குறைவு. பழைய வண்டி வாங்கியவர்கள், வாரண்டி உங்கள் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் அதற்குக் கெடு வைத்திருக்கின்றன. கசியும் இடத்தில் நீங்களே சிலிகான் பூசிவிடாதீர்கள். அதைக் காட்டியே உங்கள் கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள்.

தொலைபேசியில் சொன்னது எதுவும் சொன்னதாகாது. கோளாறைக் கண்ட அன்றே படத்துடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரண்டிக்குள் புகார் வந்ததற்கு அதுதான் சாட்சி. பட்டறைச் சீட்டில் "கோளாறு காணப்படவில்லை" என்று எழுதியிருந்தால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ஈரப்பதமானி எந்த இடத்தில் எத்தனை சதவீதம் காட்டியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "நல்லெண்ண அடிப்படையில் உதிரிபாகம் எங்களுடையது, கூலி உங்களுடையது" என்ற பேரத்துக்கும் மசிய வேண்டாம். சட்டப்படி விற்றவர் பழுது நீக்கும்போது கூலியும் அவருடையதே.

கிரெடிட் கார்டில் முன்பணம் கட்டியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது, ஆனால் வண்டியின் விலை 30,000 பவுண்டைத் தாண்டினால் அது பொருந்தாது. கார்டில் எவ்வளவு கட்டினீர்கள் என்பதல்ல, முழு விலைதான் கணக்கு. புதிய கேம்பர்வேன்கள் பல இந்த வரம்பில் அடங்குவதில்லை.

இத்தனைக்கும் பிறகும் டீலர் இழுத்தடித்தால், கோளாறு, தேதிகள், கேட்பது என்ன, எத்தனை நாளில் என்று ஒரே பக்கத்தில் எழுதி, வழக்குக்கு முந்தைய கடிதம் என்று தலைப்பிட்டு அனுப்புங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைக்குச் சிறு வழக்கு முறையில் வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். வழக்குத் தொடுக்கக் கெடு ஆறு ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஐந்து.