ஈதர்நெட்: வயருக்கு வந்த வானத்துப் பேரு

பாட்டு கேக்குற ஆம்ப்ளிஃபையருக்கு வைஃபை போதுமா இல்ல கேபிள் இழுக்கணுமான்னு பேச்சு வந்தா எல்லாரும் சொல்றது லேன் கேபிள்னுதான், ஆனா பெட்டிக்குப் பின்னாடி அந்த ஓட்டைக்கு மேல எழுதியிருக்கிறது ஈதர்நெட்.

ஈதர்ங்கிறது கிரேக்கத்துல இருந்து வந்த சொல்லு, மேல இருக்கிற தூய வானவெளின்னு அர்த்தம். ஒளி அலையா பரவணும்னா அதைச் சுமந்துட்டுப் போக ஏதாவது வேணுமேன்னு 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிங்க எங்கும் நிறைஞ்ச ஒண்ணு இருக்குன்னு நம்பி அதைத்தான் ஈதர்னாங்க, 1887ல மைக்கேல்சனும் மோர்லியும் சோதிச்சுப் பார்த்தப்ப அதுக்கு ஒரு தடயமும் சிக்கல. 1973 மே மாசம் ஜெராக்ஸோட பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்துல பாப் மெட்கால்ஃப் தான் வடிவமைச்ச கம்ப்யூட்டர் வலைக்கு அந்தப் பழைய பேரைத் திரும்ப எடுத்தார், ஏன்னா ஒரே கேபிள்ல எல்லா கம்ப்யூட்டரும் தொங்கும், யார் அனுப்பினாலும் அது எல்லாரையும் போய்ச் சேரும், அப்ப அந்தக் கேபிள்தானே ஈதர்! இத்தனைக்கும் அவருக்கு வழிகாட்டினது ஹவாய்ல ரேடியோவுல ஓடின அலோஹாநெட்ங்கிற கம்ப்யூட்டர் வலை.

வைஃபை கதை இன்னும் நம்ம பாட்டு பக்கம். ஹை-ஃபைங்கிற (ஹை ஃபிடெலிட்டி, அசலுக்கு நெருக்கமான ஒலி) ஆடியோ சொல்லோட ஒலி ஒத்துவர்ற மாதிரி 1999ல இன்டர்பிராண்ட்ங்கிற கம்பெனி உருவாக்கின பேரு அது, வயர்லெஸ் ஃபிடெலிட்டின்னு விரிக்கிறதெல்லாம் பின்னாடி ஒட்டவச்சது.

தமிழ்ல வைஃபைக்கு அருகலைன்னு ஒரு சொல் இருக்கு, அருகு கூட அலை. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு, அதோட எல்லைய அதுவே சொல்லிடுது பாருங்க, பக்கத்துல இருக்கிற வரைக்கும்தான் அலை, நடுவுல ரெண்டு செங்கல் சுவரு வந்தா தேஞ்சிடும். ஈதர்நெட்ட ஈதர்வலைன்னு பாதி மட்டும் மாத்துறதுல எனக்கு உடன்பாடு இல்ல, இல்லாத ஈதர நாம எதுக்குச் சுமக்கணும்? தேர் இழுக்கிற வடம் இருக்கே, கேபிளுக்கும் வடம்னு ஏற்கெனவே எழுதுறாங்க, அதனால வடவலைன்னு சொல்லலாம்.

சரி, எதை எடுக்கிறது? வேகத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. சிடி தரத்துல ஒரு பாட்டுக்கு நொடிக்கு 1.4 மெகாபிட்தான் வேணும், சிடியவிட நுணுக்கமான 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கே 9.2 மெகாபிட், சாதாரண 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு இதெல்லாம் சும்மா. வைஃபைல பிரச்சினை என்னன்னா காத்து எல்லாருக்கும் பொது, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பக்கத்து வீட்டு ரௌட்டரு, புளூடூத்து, மைக்ரோவேவ் அடுப்புன்னு எல்லாம் ஒரே இடத்துல முட்டுது, டேட்டா லேட்டாகி பஃபர் (முன்கூட்டியே சேத்துவச்ச டேட்டா) காலியானா பாட்டு நிக்கும். எங்க வீட்டு ஹால்ல ஆலாபனை நடுவுல அப்படி அறுந்தப்ப மனசே விட்டுப்போச்சு. அப்புறம்தான் நகராத ஆம்ப்ளிஃபையருக்கும் பாட்டு சேத்துவச்ச பெட்டிக்கும் கேட்-5இங்கிற வகை ஈதர்நெட் வடம் இழுத்தேன், அது 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், கையில சுத்துற ஃபோனுக்கு மட்டும் அருகலை.