சொல் விளக்கம்: கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்

2024 மார்ச்சில் ஒரு காணொளி கைபேசி கைபேசியாகச் சுற்றியது. அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்து ஆட்டம். அந்தப் பருவம் முழுக்க ஒன்றில்கூடத் தோற்காத சவுத் கரோலைனா, டென்னசியிடம் 2 புள்ளி பின்தங்கி நிற்கிறது. மிச்சம் 1.1 விநாடி. உள்ளே எறியப்பட்ட பந்தை ஆறரை அடிக்கும் மேல் உயரமுள்ள கமிலா கார்டோசோ பிடித்து, திரும்பி, வளையத்தை நோக்கி விடுகிறார். பந்து பலகையில் பட்டு உள்ளே இறங்குகிறது. மூன்று புள்ளி, 74-73. கல்லூரி ஆட்டங்களில் அவர் போட்ட முதல் மூன்று புள்ளி கூடை அதுதான்.

எனக்கு வந்த காணொளியின் அடியில் தமிழில் ஒரு வரி ஓடியது: ‘தென்கிழக்கு மாநாட்டு அரையிறுதியில் பரபரப்பு’. மாநாடு என்றதும் எனக்குப் பந்தலும் கொடிக்கம்பமும் வரவேற்புக் குழுத் தலைவரும்தான் கண்ணில் வந்தார்கள். மாநாட்டுக்கு எப்படி அரையிறுதி இருக்கும்? இயந்திரம் மொழிபெயர்த்திருக்கும், அதைக் கோபித்துப் பயனில்லை. ஆனால் மனிதர்கள் எழுதும் செய்தியிலும் இதே ‘மாநாடு’ அவ்வப்போது தலைகாட்டுகிறது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் பொருள். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து விளையாட்டுக்கென்று ஓர் அமைப்பு வைத்துக்கொள்கின்றன. அதன் பெயர் கான்ஃபரன்ஸ். குளிர்காலத்தில் அதன் உறுப்பினர்கள் தங்களுக்குள் லீக் ஆட்டம் ஆடுவார்கள். மார்ச் நெருங்கியதும் பெரும்பாலும் ஒரே ஊரில், ஒரே அரங்கில் கூடி, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற முறையில் சில நாட்களில் ஆடி முடிப்பார்கள். இந்த இரண்டாவது கட்டம்தான் கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட். இதில் ஜெயிக்கும் அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு.

சரி, விளையாட்டு அமைப்புக்கு ஏன் கூட்டத்தின் பெயர்? லத்தீனில் ‘கான்’ என்பது சேர்ந்து, ‘ஃபெர்ரே’ என்பது கொண்டுவருதல். எல்லோரும் தங்கள் கருத்தை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கான்ஃபரன்ஸ். ஆங்கிலத்தில் அது கலந்துபேசும் கூட்டம் என்றே வழங்கியது. அது விளையாட்டுக்குள் வந்த கதை 1895 ஜனவரியில் சிகாகோவில் ஒரு ஹோட்டலில் தொடங்குகிறது. பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைப்பின் பேரில் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அப்போது கல்லூரிகளில் கட்டுமீறிப் போயிருந்தது. படிக்காதவர்கள்கூடக் கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள். யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று விதி வகுப்பதுதான் நோக்கம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பேராசிரியப் பிரதிநிதிகள் கூடி அதை நிலையான ஏற்பாடாக்கினார்கள். அதன் அதிகாரப்பூர்வப் பெயரே ‘பேராசிரியப் பிரதிநிதிகளின் கல்லூரிகளிடைக் கூட்டம்’ என்ற பொருளில்தான் இருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள், பெயர் மட்டும் அமைப்பின் மேல் ஒட்டிக்கொண்டது. இன்று பிக் டென் என்று அழைக்கப்படுவது அதுதான். பெயரில் பத்து, 2024 முதல் உறுப்பினர் பதினெட்டு. இந்தக் கணக்கைப் பற்றி அங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

கூடுவதைக் குறித்த சொல் கூடியவர்களையே குறிப்பது நமக்குப் புதிதல்ல. சங்கம் அப்படி வந்ததுதான். கழகத்தின் பயணம் இன்னும் வேடிக்கை. குறள் 937-ல் ‘கழகத்துக் காலை புகின்’ என்று வருகிற கழகம் சூதாடும் இடம். அங்கே காலம் கழித்தால் செல்வமும் பண்பும் போகும் என்கிறார் வள்ளுவர். அந்தச் சொல்தான் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, விளையாட்டுக் கழகத்தில் இருக்கிறது, கட்சிப் பெயர்களில் இருக்கிறது. ஆகவே மூலப் பொருளைத் தேடிப் பிடித்து மொழிபெயர்ப்பது நல்ல வழி இல்லை. இன்று அந்தச் சொல் எதைச் சுட்டுகிறதோ அதற்குத்தான் தமிழ் வேண்டும்.

மகளிர் ஆட்டத்துக்கு இந்தச் சொல் வந்து சேர நெடுநாள் ஆனது. ஆட்டம் என்னவோ சீக்கிரமே வந்துவிட்டது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்ப்ரிங்ஃபீல்டில் பீச் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கினார். பக்கத்து ஊரில் இருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியர் செண்டா பெரென்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கொண்டுபோனார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். பெண்கள் ஓடிக் களைத்துவிடக் கூடாது என்று ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார். இப்படிக் கோடு போட்டு நிறுத்தும் பழக்கம் வெவ்வேறு வடிவில் 1970களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கல்லூரிப் பெண்களை விடவில்லை. இரண்டு கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் மகளிர் ஆட்டம் 1896 ஏப்ரல் 4, சான் ஃபிரான்சிஸ்கோ. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் ஆடின. பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டான்ஃபோர்ட் 2-1 என்று ஜெயித்தது. எழுத்துப் பிழை இல்லை, கூடைப்பந்தில்தான் இந்தக் கணக்கு. இந்த இரண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஆண்களின் கான்ஃபரன்ஸ்கள் 1920களிலேயே இத்தகைய போட்டி நடத்தத் தொடங்கிவிட்டன. பெண்களின் கல்லூரி விளையாட்டை 1971-ல் உருவான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனி அமைப்பு பார்த்துக்கொண்டது. அதில் தேசியப் போட்டிக்குப் போகும் வழி கான்ஃபரன்ஸ் அல்ல. மாநிலம், பிறகு மண்டலம், பிறகு தேசியம். 1972-ல் அதன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகிலுள்ள இம்மாக்குலாட்டா என்ற சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி. வழிச்செலவுக்காக வீராங்கனைகள் பல் துலக்கும் பிரஷ் விற்றார்கள். அதே ஆண்டு ஜூனில், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேற்றுமை காட்டக் கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வந்தது. பெண்கள் அணிக்கும் பயிற்சியாளர், பயணப்படி, உதவித்தொகை என்று பணம் மெல்ல வரத் தொடங்கியது. ஆண்களுக்கு இருந்த கான்ஃபரன்ஸ்கள் பெண்களுக்கும் கதவு திறந்தன. அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் 1978-ல் தன் முதல் மகளிர் டோர்னமெண்டை நடத்தியது, மேரிலாந்து வென்றது. ஆண்களுக்கு அங்கே 1954-லேயே தொடங்கியாயிற்று, 24 ஆண்டு இடைவெளி. ஆனால் எல்லா இடத்திலும் பெண்கள் பின்னால் வரவில்லை. பிக் டென் மகளிர் டோர்னமெண்டை 1995 முதல் ஆண்டுதோறும் நடத்துகிறது. ஆண்களுக்கு 1998-ல்தான் தொடங்கியது.

1982-ல், ஆண்களின் கல்லூரி விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு மகளிர் தேசியப் போட்டியையும் தன் கைக்குள் எடுத்தது, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. அத்தோடு மறைந்தது. அதன் பிறகுதான் கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட் பெண்களுக்கு வாசல்படி ஆனது. முதல் ஆண்டில் 32 அணிகள், இப்போது 68. பெரிய கான்ஃபரன்ஸ் அணிகளுக்குத் தோற்றாலும் தேர்வுக் குழு இடம் தரக்கூடும். சின்னக் கான்ஃபரன்ஸ் அணிக்கு அந்த ஒரு வாரம்தான் எல்லாம்.

இங்கே தமிழில் எழுதுபவர்கள் சறுக்கும் இன்னோர் இடம் உண்டு. லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடிப்பதும் ஒரு பட்டம், டோர்னமெண்டில் ஜெயிப்பதும் ஒரு பட்டம். இரண்டையும் ‘சாம்பியன்’ என்று ஒரே சொல்லால் முடித்துவிட்டால் படிப்பவர் குழம்புவார். 2025-ல் தென்கிழக்குக் கான்ஃபரன்ஸில் சவுத் கரோலைனாவும் டெக்சஸும் ஆளுக்கு 15 வெற்றி, 1 தோல்வி; தங்களுக்குள் ஆடியதிலும் ஆளுக்கொன்று. டோர்னமெண்டில் முதல் இடத்தில் யாரை வைப்பது என்று கடைசியில் காசு சுண்டித்தான் முடிவு செய்தார்கள். சவுத் கரோலைனாவுக்கு விழுந்தது. லீக் பட்டத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். டோர்னமெண்ட் இறுதியில் அதே இருவர். 64-45 என்று சவுத் கரோலைனா. தேசியப் பட்டமோ இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது. உதாரணத்துக்கு, 2001 மார்ச் 6 அன்று பிக் ஈஸ்ட் என்ற கான்ஃபரன்ஸின் டோர்னமெண்ட் இறுதி ஆட்டம் 76-76 என்று நின்றபோது, கனெக்டிகட்டின் சூ பேர்ட் தன் முனையிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே முழுக் களத்தையும் ஓடிக் கடந்து, நோட்ர டாமின் உயரமான ரூத் ரைலியின் கைக்கு மேலாகப் போட்டார். பந்து விழவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. 78-76. அரங்கமே இடிந்துவிடும் போலக் கத்தியது. அதே மாதக் கடைசியில் தேசிய அரையிறுதியில் நோட்ர டாம் இதே கனெக்டிகட்டை 90-75 என்று வீழ்த்தி, பிறகு தேசியப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

இனி தமிழ்ச் சொல். கான்ஃபரன்ஸுக்கு ‘மண்டலம்’ என்று போடலாமே என்று தோன்றும். நம்மூர்ப் பல்கலைக்கழக விளையாட்டில் ‘சவுத் ஜோன்’ ஆடியவர்களுக்கு அதுதான் முதலில் நாவில் வரும். ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்துக்கு அது பொருந்தியும் இருக்கும். ஆனால் மண்டலம் நிலத்தால் அமைவது; யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. கான்ஃபரன்ஸ் விரும்பிச் சேர்வது, நல்ல தொலைக்காட்சி ஒப்பந்தம் கிடைத்தால் விலகுவதும் உண்டு. முன்னே சொன்ன ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் இருந்த பசிபிக் கான்ஃபரன்ஸ் ஏறக்குறையக் கலைந்துபோக, 2024-ல் இரண்டும் போய்ச் சேர்ந்தது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில். பசிபிக் கரையிலிருந்து கொண்டு அட்லாண்டிக் கரை உறுப்பினர்! இதை ‘அட்லாண்டிக் கரை மண்டலம்’ என்று எழுதினால் எந்த நிலப்படமும் ஒத்துக்கொள்ளாது. ‘பிரிவு’ என்பதும் ஆகாது, என்.சி.ஏ.ஏ.வில் டிவிஷன் என்று வேறொன்று இருக்கிறது, பிரிவு அதற்கு வேண்டும். ‘லீக்’ நமக்கு ஆடும் முறையின் பெயராகிவிட்டது.

என் தேர்வு கூட்டமைப்பு. கூடுதல் அதில் இருக்கிறது, அமைப்பும் இருக்கிறது. தனித்தனி நிறுவனங்கள் தம் பெயரை விடாமல் சேர்ந்து இயங்குவது என்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எல்லோருக்கும் புரியும். ஒரு குறை உண்டு. உலகக் கால்பந்தில் கண்டங்களின் கான்ஃபெடரேஷனையும் கூட்டமைப்பு என்றே எழுதுகிறோம். முதல் முறை ‘கல்லூரிக் கூட்டமைப்பு’ என்று எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

டோர்னமெண்ட் பழைய பிரெஞ்சுச் சொல். குதிரைமேல் ஈட்டியோடு மோதும் வீரர்கள் குதிரையைத் திருப்பித் திருப்பி வந்து தாக்குவதால், திரும்புதல், சுழலுதல் என்ற வேரிலிருந்து வந்த பெயர். தமிழ்நாட்டில் ‘போட்டி’ என்றே முடித்துவிடுகிறோம். ஒற்றை ஆட்டமும் போட்டி, மொத்தமும் போட்டி. ‘தொடர்’ என்றால் கிரிக்கெட்டில் இரண்டு அணிகள் மட்டும் திரும்பத் திரும்ப ஆடுவதுவும் அடங்கிவிடும். இலங்கைத் தமிழ் இதழ்கள் வெகுநாளாக ‘சுற்றுப்போட்டி’ என்று எழுதுகின்றன. அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று ஏறிப்போகும் அமைப்பும் அதில் தெரிகிறது. குதிரை திரும்பிய சுற்றும் தற்செயலாக உள்ளே வந்துவிடுகிறது. ஒற்றை மோதலுக்கு ‘ஆட்டம்’ இருக்கவே இருக்கிறது.

போகிற போக்கில் இன்னொன்று. இந்தச் சுற்றுப்போட்டிகளின் பட்டியலில் அணிப் பெயருக்கு முன்னால் ஓர் எண் இருக்கும், அதற்கு, ஆங்கிலத்தில் விதை என்று பொருள்படும் ‘சீட்’ என்று பெயர். அதையும் ‘முதல் விதை’ என்று மொழிபெயர்த்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வலிய ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாமல், விதை தூவுவதுபோல அங்கங்கே பிரித்து வைப்பதால் டென்னிஸில் வந்த வழக்கு அது. தமிழில் ‘போட்டித் தரவரிசை’ போதும். பட்டியலில் முளைக்க எதுவும் இல்லை.

இப்போது அந்தக் காணொளி வரிக்குத் திரும்பினால், இப்படி எழுதியிருக்கலாம்: ‘தென்கிழக்குக் கல்லூரிக் கூட்டமைப்பு மகளிர் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி: அரையிறுதியில் 1.1 விநாடியில் கார்டோசோ’. நீளம்தான். கைபேசித் திரையில் இரண்டு வரி பிடிக்கும்.