பார்மகோஜெனெடிக்ஸ்: மருந்துமரபியல்

ஒரே நோய்க்கு ஒரே மருந்தை ஒரே அளவில் உட்கொள்ளும் இருவரில் ஒருவருக்குக் குணம் தெரிவதும் மற்றவருக்குத் தெரியாமல் போவதும் ஏன் என்பதை, அவரவர் பெற்றோர்வழி வந்த மரபணு வேறுபாடுகளைக் கொண்டு ஆராயும் துறையே பார்மகோஜெனெடிக்ஸ். இப்பெயரை 1959இல் ஜெர்மானிய மரபியலாளர் பிரீட்ரிக் வோகல் உருவாக்கினார். கருத்து அதற்கு முன்பே தோன்றிவிட்டது. மலேரியாவுக்குத் தரப்பட்ட பிரைமாகுயின் சிலருக்கு மட்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்ததற்கு, அவர்களிடம் மரபுவழியாகவே ஒரு நொதி குறைந்திருந்தது காரணம் என்பது 1956இல் தெரியவந்தது; மறு ஆண்டில் அமெரிக்க மரபியலாளர் ஆர்னோ மோட்டுல்ஸ்கி இத்தகைய செய்திகளைத் தொகுத்து, மருந்துக்கு உடல் காட்டும் எதிர்வினையில் மரபுக்கும் பங்குண்டு என்று எழுதினார்.

இத்துறைக்குத் தமிழ்ப்பெயர் காண, பார்மகோஜெனெடிக்ஸ் என்னும் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அதன் முற்பகுதி 'பார்மகோன்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நோய் தீர்ப்பது, உயிரைக் கொல்வது, மனத்தை மயக்குவது ஆகிய மூன்று பொருளும் அதற்கு உண்டு. இப்பொருள் விரிவைப் பிறமொழிகளில் ஒரே சொல்லில் காட்டுவது எளிதன்று. தமிழில் அந்த இடர்ப்பாடு இல்லை. காய்ச்சலுக்குத் தருவதும் மருந்து, வயலில் தெளிப்பது பூச்சிமருந்து, எலியைக் கொல்வது எலிமருந்து, ஒருவரைத் தம் வசப்படுத்தச் சோற்றில் கலந்து வைப்பதாக நம்பப்படுவது இடுமருந்து. காப்பதும் கெடுப்பதும் ஆகிய இரண்டையும் ஆராயும் ஒரு துறையின் பெயருக்கு, இவ்விரண்டையும் தன்னுள் அடக்கிய 'மருந்து' என்னும் சொல் முழுப் பொருத்தம் உடையது என்பது என் துணிபு. 'ஔடதம்', 'மருத்துவம்' என்று வேறு சொற்களைத் தேட வேண்டியதில்லை.

பிற்பகுதியான ஜெனெடிக்ஸ், பிறப்பைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து 1905இல் ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் முன்மொழிந்த சொல். இதற்கு 'மரபியல்' நிலைபெற்றுவிட்டது. 'மரபணு' என்பதில் வரும் 'அணு' இயற்பியலுக்கு உரியது என்று சிலர் மறுப்பர். மிக நுண்ணியது என்பதே அச்சொல்லின் பழைய பொருள் என்பதையும், உயிரணு, விந்தணு என்பன வழக்கில் இருப்பதையும் நோக்கினால் அம்மறுப்பு வலுவிழக்கும்.

ஆக, மருந்துமரபியல். 'மருந்தியல் மரபியல்' என்றும் எழுதுகிறார்கள். பொருள் தவறில்லையெனினும் இரண்டு 'இயல்' அடுத்தடுத்து வருவதால் அது நாவிலும் ஏட்டிலும் இடறுகிறது.

இச்சொல்லின் பொருளை ஆஸ்துமா தெளிவாகக் காட்டும். மூச்சுக்குழாய்கள் சுருங்கி இழுப்பு உண்டாவதில் லியூக்கோட்ரையீன் எனப்படும் பொருள்களுக்குப் பெரும்பங்கு உண்டு. உடலில் உள்ள அரகிடோனிக் அமிலத்திலிருந்து இவற்றை உண்டாக்கும் நொதிக்கு உரிய மரபணு ஏஎல்ஓஎக்ஸ்5. அம்மரபணுவை இயக்கிவைக்கும் பகுதியில் டிஎன்ஏ எழுத்துகளின் ஒரு சிறு தொடர் பெரும்பாலோருக்கு 5 முறை அடுத்தடுத்து வரும். சிலருக்கு இந்த எண்ணிக்கை கூடியோ குறைந்தோ இருக்கும். இந்நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1999இல் வெளியான ஆய்வில், அம்மரபணுவின் தாய்வழிப் படியிலும் தந்தைவழிப் படியிலும் இயல்பான 5 இல்லாதவர்களுக்கு அம்மருந்து பயன் தரவில்லை என்று தெரிந்தது. ஆஸ்துமா நோயாளிகளில் 100 பேருக்குச் சுமார் 6 பேர் இத்தகையோர்.

ஆஸ்துமாவுக்கு நல்லதென்று சிலர் நம்பி உட்கொள்ளும் மீன் எண்ணெய் மாத்திரைகளுக்கும் இந்நொதியோடு தொடர்பு உண்டு. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலமான ஈபிஏ, அரகிடோனிக் அமிலத்தோடு போட்டியிட்டு அதே நொதியில் இடம்பிடிக்கும். அதிலிருந்து உண்டாகும் லியூக்கோட்ரையீன்கள் வீரியம் குறைந்தவை. ஆகையால் ஏஎல்ஓஎக்ஸ்5 வேறுபாட்டைப் பொறுத்து மீன் எண்ணெயின் பயனும் வேறுபடக்கூடும் என்று எதிர்பார்த்தனர். உடல் எடை மிகுந்த, ஆஸ்துமா கட்டுக்குள் வராத 12 முதல் 25 வயது வரையினருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் முன்னேற்றம் தெரியவில்லை. மரபணு வேறுபாடும் அம்முடிவை மாற்றவில்லை. கடைகளில் விற்கும் மீன் எண்ணெயை நம்பி, மருத்துவர் எழுதித்தந்த இன்ஹேலரை நிறுத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டிய முடிவு இது.

ஆனால் டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நாள்தோறும் 2.4 கிராம் ஒமேகா-3 எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் 16.9 விழுக்காட்டினருக்கும், எடுத்துக்கொள்ளாதோரின் குழந்தைகளில் 23.7 விழுக்காட்டினருக்கும் நீடித்த இழுப்போ ஆஸ்துமாவோ வந்தது. இரத்தத்தில் இக்கொழுப்பு அமிலங்கள் முன்பே குறைவாக இருந்த தாய்மாரின் குழந்தைகளே மிகுந்த பயன் பெற்றனர். இவ்வமிலங்களை உடல் தானே உருவாக்கும் திறனை முடிவுசெய்யும் எப்ஏடிஎஸ் மரபணுவின் வேறுபாட்டுக்கும் அப்பயனோடு தொடர்பு இருந்தது.

மீன் எண்ணெய் உணவா, மருந்தா என்ற கேள்வி சொல்லாக்கத்தையும் தொடுகிறது. உணவுச்சத்துக்கும் மரபுக்கும் உள்ள உறவை ஆராய்வது நியூட்ரிஜெனெடிக்ஸ். அதனை 'ஊட்டமரபியல்' எனலாம். நோய் தீர்க்கும் நோக்கோடு அளவிட்டுக் கொடுத்து ஆராயும்போது 'மருந்துமரபியல்' என்பதே பொருந்தும். இதனை 'மரபணு மருத்துவம்' என்று எழுதுவது மட்டும் பிழை. அது, பழுதுபட்ட மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணுவை உடலுள் செலுத்தும் சிகிச்சையின் பெயர். மருந்துமரபியலோ மரபணுவை மாற்றுவதில்லை, அதனைப் படித்தறிந்து மருந்தையும் அளவையும் தேர்கிறது.