ரெக்கார்டு: பதிவா, ஆவணமா, சாதனையா?

கிராம நிர்வாக அலுவலர் ‘ரெக்கார்டுல உங்க பேரே இல்லையே’ என்கிறார். பிளஸ் டூ படிக்கும் பெண் ‘ரெக்கார்டு நோட்டுல சைன் வாங்கணும்’ என்று ஓடுகிறாள். அம்மன் கோவில் கொடைக்கு ரெக்கார்டு டான்ஸ் வைக்கிறார்கள். ‘நீ பேசினதையெல்லாம் ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன்’ என்று ஒருவர் மிரட்டுகிறார். கிரிக்கெட்டில் ஒருவர் இன்னொருவரின் ரெக்கார்டை உடைக்கிறார். ஐந்து இடத்திலும் சொல் ஒன்றுதான், பொருள் ஒன்றல்ல. இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் ‘பதிவு’ என்று முடித்துவிடுகிறார்கள். பாதி இடங்களில் அது பொருந்தும். மீதி இடங்களில் தமிழ் வேறு நல்ல சொற்களை முன்பே வைத்திருக்கிறது. அவற்றைப் புழங்காமல் விடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘ரெகார்டாரி’ என்றால் நினைவுகூர்தல். ‘ரெ’ என்பது மறுபடியும் என்ற முன்னொட்டு. ‘கோர்’ என்றால் நெஞ்சு. போனதை மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவது. ஸ்பானிய மொழியின் ‘ரெக்கோர்தார்’, இத்தாலியின் ‘ரிக்கோர்தாரே’ இரண்டும் இன்றைக்கும் அதே பொருளில்தான் இருக்கின்றன. எழுதி வைப்பது அவற்றின் முதன்மைப் பொருள் அல்ல. பழைய பிரெஞ்சில் இந்தச் சொல் நெஞ்சிலிருந்து வாய்க்கு வந்தது: நினைவிலிருந்து ஒப்பித்தல், நடந்ததைச் சாட்சியாக எடுத்துச் சொல்லுதல். நார்மானியர் காலத்துக்குப் பிறகு சட்டத்துறைப் பிரெஞ்சின் வழியாக 13ஆம் நூற்றாண்டுவாக்கில் இங்கிலாந்தில் அது வேரூன்றியது. அந்தக் காலத்து நீதிமன்றத்தில் நடந்ததற்கு ‘ரெக்கார்டு’ என்பது அங்கே இருந்தவர்களின் நினைவும் அவர்கள் சொல்லும் வார்த்தையும்தான். தோல் சுருளில் எழுதி வைக்கும் வழக்கம் வலுத்த பிறகு, அந்தச் சுருளுக்கே அந்தப் பெயர் நிலைத்தது. நெஞ்சிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து ஏட்டுக்கு என்று நகர்ந்த சொல் இது.

‘பதிவு’ வந்த வழி வேறு. பதிதல் என்றால் அழுந்தி இறங்குதல். சேற்றில் கால் பதிகிறது, அரக்கில் முத்திரை பதிகிறது, மோதிரத்தில் கல் பதிகிறது. கிளையை வளைத்து மண்ணுக்குள் அழுத்தி வைப்பதற்குப் பதியம் என்று பெயர். பிறகு அதே வினை உள்ளேயும் போகிறது: பாடம் மனசில் பதிகிறது, அதுவும் பசுமரத்தாணிபோல. ஆங்கிலச் சொல் நெஞ்சில் தொடங்கி வெளியே வந்தது. தமிழ்ச் சொல் வெளியே தொடங்கி நெஞ்சுக்குப் போனது. இரண்டும் நடுவழியில் சந்திப்பதால்தான் ‘பதிவு’ இவ்வளவு எளிதாக ரெக்கார்டின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அது மிகச் சரியாக உட்கார்ந்த இடம் ஒலி. 1877இல் எடிசன் தன் ஃபோனோகிராஃபில் தகரத்தாளைச் சுற்றி ஊசியை வைத்துப் பேசினார். குரலின் அதிர்வுக்கு ஏற்ப ஊசி தாளில் அழுந்தியது. எமில் பெர்லினர் 1887இல் உருளையைத் தட்டாக்கி, அதற்குக் கிராமஃபோன் என்று பெயரிட்டார். இரண்டிலும் குரல் உண்மையிலேயே ஒரு பரப்பில் பதிந்தது. ‘ஒலிப்பதிவு’ என்ற சொல் அந்த வேலையை அப்படியே படம்பிடிக்கிறது. தட்டுக்கு ‘இசைத்தட்டு’ என்ற பெயரும் தடையில்லாமல் வழக்குக்கு வந்தது.

1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிய தட்டுகள் இந்தியாவின் தொடக்ககால ஒலிப்பதிவுகளில் புகழ்பெற்றவை. மூன்று நிமிடத்துக்குள் பாட்டை முடித்து, கடைசியில் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். அங்கே வேலை செய்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. அந்த மூன்று நிமிட எல்லை நம் கர்நாடக இசையையும் நெருக்கியது. மணிக்கணக்கில் விரியும் ஆலாபனையைத் தட்டின் ஒரு பக்கத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது.

மக்கள் நாவில் இசைத்தட்டு ‘பிளேட்டு’ ஆனது. சொன்ன சொல்லை மாற்றுகிறவரை ‘பிளேட்டைத் திருப்பிப் போடுறான்’ என்கிறோம். இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம், இரண்டு பாட்டு. அதை வைத்துப் பார்த்தால் சொல் உடனே விளங்குகிறது. சொன்னதையே சொல்பவர் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’. தட்டில் ஒலித்த சினிமாப் பாட்டுக்கு மேடையில் ஆடியதால் அது ரெக்கார்டு டான்ஸ். தட்டு போய், கேசட் போய், பென் டிரைவ் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. போலீஸ் அனுமதிக்கு மனு எழுதும்போது மட்டும் அது ‘ஆடல் பாடல் நிகழ்ச்சி’ ஆகிவிடுகிறது. யாரும் அகராதி பார்த்து ஆக்காத அருமையான தமிழாக்கம் அது.

இனி, எழுத்துச் சான்று. இங்கேதான் ‘பதிவு’ போதாது. இங்கே நிற்க வேண்டிய சொல் ‘ஆவணம்’. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே, கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியைச் சரிபார்த்து உடைத்து உள்ளிருக்கும் ஓலையை எடுக்கும் ‘ஆவண மாக்கள்’ வருகிறார்கள். ஆனால் இந்தச் சொல்லின் முழு வலிமையைக் காண 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்துக்குத்தான் போக வேண்டும்.

புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம். ஒரு முதிய அந்தணர் வந்து, ‘இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது’ என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் கேட்கும் கேள்வி இன்றைய வழக்கறிஞருக்கும் பாடமாக வைக்கத் தக்கது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டு. அனுபவத்தில் இருந்து வந்ததா, எழுத்து உண்டா, பார்த்த சாட்சி உண்டா? முதியவர் சொல்கிறார்: அவன் கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது. நகலும் அசலும் அன்றே வேறுபட்டிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கரணத்தான், அதாவது ஊர்க் கணக்கன், சுருளை விரித்துச் சபையோர் கேட்க வாசிக்கிறான். சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்களின் எழுத்தைச் சரிபார்க்கிறார்கள். அதோடும் விடவில்லை. பாட்டனார் எழுதிய வேறு கைச்சாத்து இருந்தால் அதனோடு ஒப்பிட வேண்டும் என்ற பேச்சு வருகிறது. ‘அரண் தரு காப்பில்’ இருந்து இன்னொரு ஓலையைக் கொண்டுவந்து ஒப்பு நோக்குகிறார்கள். இரண்டும் ஒத்திருக்கின்றன, தீர்ப்பு முடிகிறது.

பழைய ஓலைகளை அரணான இடத்தில் காத்து வைத்து, தேவைப்படும்போது எடுத்துவந்து ஒப்பிடுவது என்பது ரெக்கார்டு ரூம் இல்லாமல் வேறென்ன? அசல், நகல், சாட்சிக் கையெழுத்து, காப்பறை, எழுத்து ஒப்பீடு என எல்லாவற்றுக்கும் சேக்கிழாரிடம் சொல் இருக்கிறது. ‘கைச்சாத்து’ இலங்கைத் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒப்பந்தம் அங்கே கைச்சாத்திடப்படுகிறது. தமிழகத்தில் நாம் அதைத் தொலைத்துவிட்டோம்.

சோழர் ஆட்சியில் ஓர் ஆணை ஏட்டுக்கு ஏறிய விதமும் இங்கே பேச வேண்டியதே. அரசன் வாயால் சொல்கிறான். அதைக் கேட்டு உறுதிசெய்பவர் திருவாய்க்கேள்வி. எழுதுபவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்ப்பவர் திருமந்திர ஓலைநாயகம். பிறகு அது வரித்துறையான புரவுவரித் திணைக்களத்துக்குப் போய் வரிப்பொத்தகத்தில் ஏறுகிறது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை ராஜராஜன் கொடுத்த கொடையைச் சொல்லும் செப்பேட்டில் இந்த அலுவலர் வரிசையைக் காணலாம். ராஜராஜன் சொன்னதை ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். ‘திணைக்களம்’ என்ற சொல்லை அரசுத் துறையைக் குறிக்க இன்றும் வழங்குவது இலங்கைதான்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சொல்லும் உண்டு: தோம்பு. போர்த்துக்கேயர் காணிகளைக் கணக்கெடுத்து எழுதிய பேரேடு அது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்திலும் தொடர்ந்தது. போர்த்துக்கேய மொழியின் ‘தோம்போ’வே தோம்பு ஆயிற்று. லிஸ்பனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரே ‘தோரே தோ தோம்போ’. கிரயப் பத்திரத்தை யாழ்ப்பாணத்தார் ‘காணி உறுதி’ என்பார்கள். உறுதி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அந்தத் தாளின் வேலையை விளக்க வேண்டியதில்லை.

தமிழகத்து வருவாய்த் துறைக்கு வந்தால் பாரசீக, உருதுச் சொற்களின் ஆட்சி. தஸ்தாவேஜு (பத்திரம்), ஜமாபந்தி (ஆண்டு வருவாய்த் தணிக்கை), பசலி (வருவாய் ஆண்டு) எல்லாம் அந்த வழி வந்தவை. அவற்றின் நடுவே ‘அடங்கல்’ என்று ஒரு தமிழ்ச் சொல். எந்தச் சர்வே எண்ணில் யார் பெயரில் எவ்வளவு பரப்பில் என்ன பயிர் நிற்கிறது என்று எழுதிவரும் இரண்டாம் எண் கிராமக் கணக்கு அது. பயிர்க் கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் விவசாயி கையில் கொண்டுபோகும் தாள். ஊரின் ஒரு பசலி முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. நான் அறிந்த அலுவல் சொற்களில் இதற்கு இணையானது வெகு சில.

சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த ‘மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்’ இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே ‘பதிவு அலுவலகம்’ என்று மொழிபெயர்த்திருந்தால் பத்திரப்பதிவு அலுவலகத்தோடு குழம்பியிருக்கும். பதிந்துகொள்ளும் இடம் வேறு, பதிந்ததைக் காக்கும் இடம் வேறு. அரசியல் சட்டத்தின் 129, 215ஆம் உறுப்புகள் உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றங்களையும் ‘கோர்ட் ஆஃப் ரெக்கார்டு’ என்கின்றன. அதற்குப் ‘பதிவு நீதிமன்றம்’ என்பதைவிட ‘நிலையாவண நீதிமன்றம்’ என்பதே பொருத்தம். அங்கே எழுதப்படுவது நிலைத்த சான்றாக நிற்கிறது என்பதுதானே சட்டம் சொல்ல வருவது.

சட்டமன்றத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. ஓர் உறுப்பினர் சொன்னது தகாதது என்றால் பேரவைத் தலைவர் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது’ என்கிறார். அங்கே ரெக்கார்டு என்பது குறிப்பு. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பும் அவ்வகையே: கப்பல் வந்ததும் துணி விலையும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே சொன்னதும் அன்றன்றைக்குக் குறித்து வைக்கப்பட்டவை. ஆவணம் உரிமையை நிறுவ எழுதுவது. குறிப்பு நடந்ததை மறக்காமலிருக்க எழுதுவது. பிற்காலத்தில் குறிப்பும் ஆவணமாகலாம், ஆகியும் இருக்கிறது.

அடுத்தது ‘சாதனை’. விளையாட்டில் ரெக்கார்டு என்பது முதலில் ஏட்டில் குறிக்கப்பட்ட நேரமும் தூரமும்தான். அந்த ஏட்டில் உள்ளதிலேயே சிறந்ததை மட்டும் அந்தப் பெயரால் சுட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. 2009இல் பெர்லினில் 100 மீட்டரை உசைன் போல்ட் 9.58 வினாடியில் ஓடியது உலக சாதனை. இதை மிஞ்சுவதை ஆங்கிலம் உடைப்பது என்கிறது. தமிழ் ‘முறியடித்தல்’ என்று போர்க்களச் சொல்லை எடுத்துக்கொண்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் சாதனை சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. வீடு இழந்தவர்கள், தண்டவாளம் அரித்துப்போய் ரயிலில் சிக்கியவர்கள் இருக்க, அதைச் ‘சாதனை மழை’ என்று எழுதுவது எப்படிச் சரியாகும்? சாதிப்பதற்கு ஒருவரின் முயற்சி வேண்டும். ‘வரலாறு காணாத மழை’ என்பது காதுக்கு நன்றாக இருந்தாலும் அளவுக்கு மீறிப் பேசுகிறது. மழையை அளக்கத் தொடங்கியதற்கு முந்தைய வரலாறும் உண்டு. ‘இதுவரை பதிவானதிலேயே அதிகம்’ என்பது துல்லியம். தங்கம் விலைக்குச் செய்தித்தாள்கள் ‘புதிய உச்சம்’ என்று எழுதுகின்றன. வெப்பத்துக்கும் அதுவே போதும்.

பள்ளிக்கூடத்துச் சொற்களில் சிக்கல் இல்லை. தொடக்கப் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்குத் தரும் ரெக்கார்டு ஷீட் ‘பதிவுத்தாள்’. இடப்பக்க வெள்ளைத் தாளில் பென்சில் படமும், வலப்பக்கக் கோட்டுத் தாளில் செய்முறையும் எழுதும் ரெக்கார்டு நோட்டு ‘செய்முறைப் பதிவேடு’. காவல் நிலையத்தில் ஒருவர் மேல் தொடர்ந்து எழுதப்படும் ஏடு ‘சரித்திரப் பதிவேடு’. கணினித் தரவுத்தளத்தில் ரெக்கார்டைப் பதிவு என்றும், அதற்குள் இருக்கும் பெயர், தேதி போன்றவற்றைப் புலம் என்றும் சொல்வது நிலைத்துவிட்டது.

‘டிராக் ரெக்கார்டு’ என்பதைத் ‘தட பதிவு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சிலர் எழுதுகிறார்கள். ‘இதுவரை எப்படி?’ என்று நாம் கேட்பதுதான் அது. எழுத்தில் ‘முன்வரலாறு’ அல்லது ‘கடந்தகாலச் செயல்பாடு’ என்றால் விளங்கும். ‘ஆஃப் தி ரெக்கார்டு’ என்று நிருபரிடம் சொல்பவர், தமிழில் ‘இதை எழுதிடாதீங்க’ என்றோ ‘இது நமக்குள்ள இருக்கட்டும்’ என்றோதான் சொல்வார். அதற்குத் தனியாக ஒரு கலைச்சொல் ஆக்க வேண்டியதே இல்லை.