பாட வைக்க முடியாது, வேறெங்கும் பாடாமல் தடுக்கலாம்

"ஒப்பந்தம் போட்டவர் பின்வாங்கினால் கோர்ட் நஷ்டஈடு வாங்கித் தருகிறது. எனக்குப் பணம் வேண்டாம், சொன்னதைச் செய்யட்டும் என்று கேட்கக் கூடாதா?" வாசகர் ஒருவரின் கேள்வி இது. கேட்கலாம். ஆனால் கேட்டதும் கிடைத்துவிடாது. அதற்கான காரணம் வெறும் சட்டப் பிரிவுகளில் இல்லை, ஒரு மனிதரை எதுவரை கட்டாயப்படுத்த முடியும் என்பதில் இருக்கிறது.

கோர்ட் தருவதைச் சட்டத் தமிழில் பரிகாரம் என்பார்கள். ஜோசியரும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும், அந்தக் காரணம் தப்பு என்று மேல்முறையீடும் செய்யலாம். ஜோசியர் சொன்ன பரிகாரத்தை எதிர்த்து அப்பீல் போன யாரையும் எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த பொதுச் சட்ட (காமன் லா) நீதிமன்றங்களுக்குப் பணம்தான் பிடித்தமான பரிகாரம். ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, அந்த நிலைக்குப் பணத்தால் கொண்டுபோய் நிறுத்துவதே நஷ்டஈட்டின் கணக்கு. இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. தோற்றவர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், கோர்ட்டின் ஆட்கள் போய் அவர் பொருளை ஜப்தி செய்து விற்றுக் காசாக்கிவிடலாம். அவருடைய ஒத்துழைப்பு தேவையே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் காசாக்க முடியாதே! விற்பதாகக் கையெழுத்துப் போட்ட நிலத்தைத் தரமாட்டேன் என்கிறார் ஒருவர். ஒரு நிலத்தைப் போல இன்னொரு நிலம் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் ராஜாவிடம் மனுப்போட, அவர் அதைத் தன் மந்திரியான சான்சலரிடம் தள்ளிவிட்டார். அந்தக் காலத்தில் சான்சலர்கள் பெரும்பாலும் பாதிரியார்கள். அவர்கள் பிரதிவாதியின் சொத்தை விட்டுவிட்டு மனசாட்சியைப் பிடித்தார்கள்: "சொன்னதைச் செய், செய்யாவிட்டால் ஜெயில்." அப்படிப் பிறந்ததுதான் ஈக்விட்டி என்ற தனிச் சட்டமுறை. அது தந்த உத்தரவுக்குத் தமிழில் 'ஏற்றதை ஆற்றுக' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆத்திசூடி வரி மாதிரி ஒலிக்கும் இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மனசாட்சிக்கு அளவுகோல் ஏது என்ற புகாரும் கூடவே வந்தது. அடி என்ற அளவுக்குச் சான்சலரின் அடியையே வைத்துக்கொண்டால், ஒருவருக்கு நீளக் கால், இன்னொருவருக்குக் குட்டைக் கால் என்று ஆகாதா என 17ஆம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் ஜான் செல்டன் கிண்டலடித்தார். பொதுச் சட்ட நீதிமன்றமும் சான்சலரின் நீதிமன்றமும் மோதிக்கொண்டு, 1616ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஈக்விட்டியின் பக்கம் சாய்ந்து, அப்புறம் 1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்களால் இரண்டும் ஒன்றானது எல்லாம் பெரிய கதை. அதை விடுங்கள். எனக்குச் சுவையானது 1852ல் நடந்த ஒரு வழக்கு.

யோஹானா வாக்னர் ஜெர்மன் ஓபரா பாடகி, இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் அண்ணன் மகள் முறை. லண்டனில் ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டரை நடத்திய பெஞ்சமின் லம்லியிடம் மூன்று மாதம் பாட ஒப்புக்கொண்டார். லம்லியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வேறெங்கும் பாடுவதில்லை என்றும் ஒரு வரி இருந்தது. லண்டனின் இன்னொரு தியேட்டரான கோவென்ட் கார்டனை நடத்திய போட்டிக்காரர் கூடுதல் பணம் தருவதாகச் சொல்ல, அந்தப் பக்கம் போய்விட்டார். லம்லி கோர்ட்டுக்கு ஓடினார்.

"பாடு" என்று உத்தரவிட்டால் என்ன ஆகும்? மிரட்டி மேடையேற்றலாம். மேல் ஸ்தாயியில் வேண்டுமென்றே பிசிறினால்? தொண்டை கட்டிவிட்டது என்றால் அது நிஜமா, சாக்கா? நீதிபதி தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டியதுதான். தவிர, பிடிக்காத முதலாளியிடம் ஒருவரைக் கட்டிப்போட்டு வேலை வாங்கினால் அதற்கும் அடிமைத்தனத்துக்கும் எவ்வளவு தூரம்?

லார்டு சான்சலர் செயின்ட் லெனார்ட்ஸ் ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 'பாடுவேன்' ஒரு வாக்கு, 'வேறெங்கும் பாடமாட்டேன்' இன்னொரு வாக்கு. முதலாவதை நிறைவேற்ற வைக்கும் வழி தன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். இரண்டாவதற்கு உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, போட்டார். அந்த வெட்டு எவ்வளவு கச்சிதம் பாருங்கள். செய்வதைக் கண்காணிக்க முடியாது, செய்யாமல் இருப்பதைக் கண்காணிப்பது சுலபம். கோவென்ட் கார்டன் சுவரொட்டியில் அவர் பெயர் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

எதிர்மறையான உத்தரவும் கழுத்தில் கத்திதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1936ல் நடிகை பெட்டி டேவிஸ் இங்கிலாந்துக்கு வந்து வேறு படத்தில் நடிக்கப் பார்த்தபோது அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஹாலிவுட் கம்பெனி வார்னர் பிரதர்ஸ் இதே தடையை வாங்கியது. நடிக்காவிட்டாலும் வேறு வேலை செய்து பிழைக்கலாமே என்றார் நீதிபதி. எனக்கு இது சால்ஜாப்பாகத்தான் படுகிறது. 1960களில் டிராக்ஸ் என்ற பாப் இசைக்குழு மேனேஜரை நீக்கியது. வேறு மேனேஜரை வைக்கக் கூடாது என்று அவர் தடை கேட்டார். மேனேஜர் இல்லாமல் இவர்களால் தொழில் நடத்த முடியாது, தடை போட்டால் உங்களிடமே திரும்பி வர வேண்டியிருக்கும், அது கட்டாயமே என்று அந்த நீதிபதி மறுத்துவிட்டார். இவருக்குத்தான் என் ஓட்டு.

இதற்கெல்லாம் அடியில் ஒரு தத்துவச் சண்டை உண்டு. பொதுச் சட்டத்தில் ஒப்பந்தக் கடமை என்பது, மீறினால் நஷ்டஈடு கட்ட வேண்டியிருக்கும் என்ற முன்கணிப்பு மட்டுமே என்று 1897ல் அமெரிக்க நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் வாதிட்டார். அப்படியென்றால் வாக்கு என்பது ஒரு விலைச்சீட்டு, காசு கட்டினால் மீறலாம். ஏற்றதை ஆற்றுக என்ற பரிகாரம் இருக்கும்வரை அவர் சொன்னது முழு உண்மையாக முடியாது என்பது என் கட்சி.

யோஹானா அந்த சீசனில் இரண்டு தியேட்டரிலுமே பாடவில்லை. லம்லி போட்டிக்காரர்மேல் தனி வழக்குப் போட்டார். நான்கு வருடம் கழித்து, 1856ல், எந்த உத்தரவும் இல்லாமல் யோஹானா லண்டனுக்கு வந்து பாடினார், அதே ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டரில், லம்லிக்காகவே.