கொஞ்சம் லேட்டாகப் பேசும் ஸ்பீக்கர்

ஊர் ஊராகப் போய் நடக்கும் ‘அன்னி’ இசை நாடகத்தை ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். 1977இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் அரங்கேறிய நாடகம். 1933ஆம் ஆண்டின் நியூயார்க், அநாதை இல்லத்துச் சிறுமி, ஒரு கோடீஸ்வரர், ஒரு நாய். கதை தெரிந்ததுதான் என்பதால் நான் பாதி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பால்கனியின் அடிப்பக்கத்தில், என் தலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, ஒரு சின்ன ஸ்பீக்கர். சிறுமியின் பாட்டு எனக்குத் தெளிவாகக் கேட்டதே அதன் புண்ணியத்தில்தான். ஆனால் கண்ணை மூடிக் கேட்டாலும் குரல் மேடையிலிருந்துதான் வந்தது.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கும் காதை எட்ட அதற்கு 87 மில்லிசெகண்டு ஆகும். கம்பி வழியே ஓடும் சிக்னலுக்கு இந்தத் தூரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அப்படியே விட்டுவிட்டால் ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும். வாய் அங்கே அசையும், குரல் தலைக்கு மேலே கேட்கும். பின்னாலேயே மேடையின் ஒலி எதிரொலி போல வந்து வார்த்தைகளைக் குழப்பும்.

அதனால் ஸ்பீக்கரை வேண்டுமென்றே காக்க வைக்கிறார்கள். அந்த மூன்று மீட்டரைக் கடக்க 9 மில்லிசெகண்டு ஆகும்; அதைக் கழித்தால் 78. அதோடு இன்னும் ஒரு 10, 15 சேர்ப்பார்கள். மேடை ஒலி முதலில் காதைத் தொடும், ஸ்பீக்கர் ஒலி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்.

மிச்ச வேலை நம் மூளையுடையது. ஒரே ஒலி சிறிய இடைவெளியில் இரண்டு முறை வந்தால் அதை இரண்டாக மூளை எண்ணுவதில்லை. எது முதலில் வந்ததோ அந்தத் திசையையே குறித்துக்கொள்கிறது. ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்ற ஆய்வாளர் 1949இல் இதை அளந்து காட்டினார். 5 முதல் 30 மில்லிசெகண்டு வரை பிந்தி வரும் ஒலி, முந்தியதைவிட 10 டெசிபெல் வரை கூடுதலாக இருந்தாலும் தனியாகத் தெரிவதில்லை. இந்தக் குணம் மட்டும் இல்லையென்றால் சாதாரண அறையில் பேசுவதே கஷ்டம், நாலு சுவரும் நம்மோடு சேர்ந்து பேசுவது போலிருக்கும்.

சுற்றுப்பயணக் குழுவுக்குத் தலைவலி இங்கேதான். போன வாரத்து அரங்கின் எண்கள் இந்த வாரத்து அரங்குக்கு உதவாது. லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கியதும் அருவி கொட்டுவது போன்ற ஓர் இரைச்சலை ஸ்பீக்கர்களில் ஓடவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே மைக் வைத்து மறுபடி அளப்பார்கள். அதுவும் காலி அரங்கில். சாயங்காலம் ஆட்கள் வந்து நிறைந்ததும் உடலும் உடையும் ஒலியைக் குடித்துவிடும், அதற்கும் ஈடுகட்ட வேண்டும்.

சரி, மைக் எங்கே? பெரும்பாலும் நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில், விக்குக்குள் ஒளிந்திருக்கும். அன்னியின் சுருட்டை விக்கில் ஒரு அரிசி மணி அளவு மைக்கை மறைப்பது சுலபம். கோடீஸ்வரர் வார்பக்ஸோ மொட்டைத்தலை! அவருக்குக் காதை ஒட்டி, தோலின் நிறத்தில் ஒட்டவைப்பதுதான் வழி.

இருவரும் கட்டிப்பிடிக்கும் இடத்தில் பார்வையாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், ஒலி கலப்பவருக்குக் கை வியர்க்கும். சிறுமியின் குரல் அவளுடைய மைக்கிலும் விழுகிறது, சற்று பிந்தி வார்பக்ஸின் மைக்கிலும் விழுகிறது. 34 சென்டிமீட்டர் கூடுதல் தூரம் என்றால் ஒரு மில்லிசெகண்டு வித்தியாசம். மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸரில் இரண்டும் சேரும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து ஒலி பலவீனமாகும். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல மாறிவிடும். கொஞ்சம் முன்பு பிந்தி வந்த ஒலியைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்ட அதே மூளைக்கு இது பிடிப்பதில்லை, ஏனென்றால் இங்கே கலப்பு காதுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இதற்குப் பெரும்பாலும் கருவியை நம்புவதில்லை, விரல்தான். அரங்கின் பின்னால் மிக்ஸர் முன் உட்கார்ந்திருப்பவர் வசனத்துக்கு வசனம், பேசுபவரின் மைக்கை மட்டும் ஏற்றி மற்றவர்களுடையதை இறக்குகிறார். அணைக்கும் நொடியில் ஒரு மைக்கை மூடிவிட்டு, இரண்டு குரலையும் மற்றொன்றிலேயே பிடிப்பார். விலகியதும் மறுபடி இரண்டும் திறக்கும். நாடகம் முழுக்க இப்படியே, தினமும்.

நாய்க்கு மைக் இல்லை. அன்று வசனத்தில் இல்லாத ஓர் இடத்தில் அது ஒருமுறை குரைத்தது, பக்கத்தில் குனிந்திருந்த சிறுமியின் நெற்றி மைக் அதைப் பிடித்துக்கொண்டது. கடைசி வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் மேலே பார்க்கவில்லை.