கூழுக்குள் தாய்லாந்து: போத்தலை விட்டு இலையை எடுங்கள்

வன்னியில் கிளினிக்குக்கு வருபவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. போன மாதம் விசுவமடுப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நெடுநாள் கட்டுக்குள் நின்ற பிறஷர் ஏறியிருந்தது, காலும் வீங்கியிருந்தது. குளிசை தவறவில்லை. “உப்பு நான் தொடுறதே இல்லை மிஸ்” என்றார். பொய்யில்லை, அவர் தொடவில்லைதான்.

கூட வந்த மகள்தான் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒடியற் கூழை (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) தாய்லாந்தின் தொம் யம் சூப் மாதிரிக் காய்ச்சியிருக்கிறார். எல்லாருக்கும் பிடித்துப்போய், பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதுவே. ஆறு பேருக்கான பானையில் மீன் சோஸ் நாலு மேசைக்கரண்டி, சோயா சோஸ் இரண்டு, சூப் கட்டி இரண்டு. போதாததற்கு அந்தப் போத்தல்கள் கிழமை நாட்களில் மற்றக் கறிகளுக்குள்ளும் இறங்கிவிட்டன.

ஒரு மேசைக்கரண்டி மீன் சோஸில் ஏறத்தாழ 3.5 கிராம் உப்பு இருக்கிறது. சோயா சோஸில் 2 கிராமுக்கு மேல். சூப் கட்டியின் எடையில் பாதியளவு உப்புத்தான். கூட்டிப் பார்த்தால் அந்தப் பானையில் ஆளுக்கு 4, 5 கிராம் வருகிறது. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கூழென்றால் ஒரு பனையோலைப் பிளாவோடு யார் எழும்புகிறார்கள்?

ஆனால் அந்தத் தம்பியின் யோசனை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. தொம் யம்மும் கூழும் தூரத்துச் சொந்தம் மாதிரி. இரண்டிலும் புளிப்பு, உறைப்பு, இறால். நண்டும் இறாலும் திருக்கையும் கொதிக்கிற பானையில் சுவை தானாகவே இறங்கிவிடும். அதற்குக் கட்டி எதற்கு? தாய்லாந்திலிருந்து எடுக்க வேண்டியது வாசம்தான். அந்த வாசத்தில் பாதி நம் வளவிலேயே நிற்கிறது.

எலுமிச்சைப் புல் இரண்டு தண்டை நசுக்கி முடிச்சுப் போட்டு, மரவள்ளியும் பலாக்கொட்டையும் அவியும்போதே போடுங்கள், இறக்கும்போது எடுத்துவிடலாம். ரம்பை ஒரு துண்டு. சித்தரத்தை நகமளவு போதும், கூடினால் கசாய வாசம் வந்துவிடும். புளியைப் பாதியாகக் குறைத்து, பானையை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். புளிப்பும் செத்தல் மிளகாயும் நன்றாக நின்றால், உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. முருங்கையிலை வழமைபோலக் கடைசியில். கருவாடு போடுகிற வீடென்றால் அன்றைக்கு வேறு உப்பே வேண்டாம்.

புதுமை என்று ஒடியல் மாவில் கை வைக்காதீர்கள். ஊறவைத்து, மேலே தெளிகிற நீரை வெளியே ஊற்றிவிட்டு, நன்றாகக் காய்ச்ச வேண்டும். சூப் மாதிரி இருக்கட்டும் என்று கடைசி நிமிடத்தில் கரைத்து ஊற்றுவது சரியில்லை.

இன்னொன்று. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளிகள் இருக்கிற வீடுகள் பல. “உப்புக் குறைந்தது” என்று விற்கிற உப்பிலும் சில சோஸ்களிலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பழுதான சிறுநீரகத்துக்கு அது ஆபத்து. வைத்தியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சோஸ் போத்தலின் லேபிளையும் வாசிக்க வேண்டும். சில மிளகாய்ப் பசைகளில் இறால் அரைத்துச் சேர்த்திருக்கும்.

அந்த அம்மாவுக்குக் கூழை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகன் காய்ச்சித் தருகிறான் என்று சொன்னபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகளிடம் ஒன்றுதான் சொன்னேன்: மீன் சோஸைப் பானைக்குள் ஊற்ற வேண்டாம். அம்மாவுக்கு முதலில் வார்த்துக் கொடுங்கள். அப்புறம் வேண்டுமென்கிற இளசுகள் தங்கள் கோப்பையில் நாலு சொட்டு விட்டுக்கொள்ளட்டும்.